விட்டுப்போன ஒரு வரி

1966 ஜூலை 4, திங்கள்
காலையிலிருந்து காற்று. காயப்போட்ட சேலை எதிர்வீட்டு முருங்கை மேல் போய் விழுந்தது. எடுத்துத் தர ஆளில்லை, குச்சியால் நானே இழுத்தேன். மகனும் மருமகள் சரசுவும் எட்டு மணிக்கே பனியன் கம்பெனிக்குப் போயாச்சு. பேத்தி மல்லிகா ஒன்பதுக்குப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு வீட்டில் நானும் கடிகாரமும்.

சாயங்காலம் நல்ல சேதி. காலைப் பிரேயரில் நாட்டு உறுதிமொழி சொல்ல மல்லிகாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இவள் மேடையில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பள்ளிக்கூடம் முழுக்கத் திருப்பிச் சொல்லும். அஞ்சாம் வகுப்பில் இவளுக்குத்தான் கணீர்க்குரல். நானும் அஞ்சாவது பாஸ், அந்த வருசம் முதல் மார்க். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன்.
"அப்பொறம் என்னங்க, நேரா மினிஸ்டருதான். எங்களையெல்லாம் மறந்துறாதீங்க."
புளி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூலை 5, செவ்வாய்
புளி, சீயக்காய், விளக்குத் திரி வாங்கியாச்சு.

மல்லிகாவை வீட்டில் சொல்லிக் காட்டச் சொன்னேன். வலது கையை நேராக நீட்டிக்கொண்டு சொன்னாள். இரண்டாவது வரியில் எனக்குத் திக்கென்றது. நாட்டில் உள்ள எல்லோரும் உடன்பிறந்தவர்களாம்.

அதே வகுப்பில்தான் ஜெயா இருக்கிறாள். என் தங்கை ராமாத்தாளின் பேத்தி. முறைப்படி மல்லிகாவுக்குத் தங்கையேதான். ஆனால் நானும் ராமாத்தாளும் அம்மன் கோயிலில் காசு வெட்டிப் போட்டுப் பதினாலு வருசம். அம்மா செத்த பத்தாம் நாள் அம்மாவின் கம்மலைக் காணோம். நான் அவளைச் சொன்னேன், அவள் என்னைச் சொன்னாள். ஆளுக்கொரு காசை உளி வைத்து இரண்டாக வெட்டி அம்மன் காலடியில் போட்டோம். இனிப் பேச்சில்லை, தண்ணி இல்லை, உறவில்லை. எங்களுக்கும் இல்லை, எங்கள் வயிற்றில் வந்த பிள்ளைகளுக்கும் இல்லை. அம்மனிடம் அப்படிச் சொல்லிவிட்டு, இங்கே குழந்தை கையை நீட்டி உடன்பிறப்பு என்று சொன்னால்? அம்மன் கணக்குக் கேட்பது குழந்தையிடம் அல்லவா.

"கண்ணு, அந்த வரி வர்றப்ப வாயை மூடிக்கோ."
"நாஞ் சொன்னாத்தான அப்பாயி அல்லாரும் சொல்லுவாங்க?"
"மத்தவங்க கதை நமக்கெதுக்கு? நீ சொல்லாதே."

ஜூலை 6, புதன்
பத்தரைக்குப் பள்ளிக்கூடத்து ஆயா வந்தாள், பெரிய வாத்தியார் கூப்பிடுகிறார் என்று. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

"அம்மா, உங்க பேத்தி இன்னிக்கு ஒரு வரிய முழுங்கிட்டாளுங்க. அவ பின்னால முந்நூறு புள்ளைகளும் முழுங்கிருச்சு. வாத்திமாருங்க அல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கறோம்."
பின்னால் இருந்த டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

காசு வெட்டின விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு மரியாதை.
"இது சத்தியமில்லீங்கம்மா. தெனமும் சொன்னா மனசுல பதியும், அவ்வளவுதான். ஒரு பழக்கம்."
"பழக்கத்துக்கு எதுக்குங்க கைய நீட்டறது? கை நீட்டுனா அது வாக்குங்க. அர்த்தம் புரியாத வயசுல வாக்கு வாங்கலாமுங்களா? அதும் தெனத்துக்கும்? எங்கூட்டுல ஒருக்கா குடுத்தா குடுத்ததுதானுங்க."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், நாளையிலிருந்து வேறு பிள்ளை சொல்லட்டும், முழுதாகச் சொல்வதாக இருந்தால் திங்கட்கிழமை மல்லிகா மேடைக்கு வரலாம் என்றார்.

பேச்சில் ஜெயித்தது நான்தான். நடந்து வீட்டுக்கு வந்தேன். சொல்ல ஆளில்லை.

இரவுச் சோற்றின்போது மகன்: "ஏம்மா, வாயில சொன்னா முடிஞ்சு போச்சு. அதைப் போயி பெருசு பண்ணிக்கிட்டு." சரசு ரசம் ஊற்றினாள். மல்லிகா என் பக்கமே திரும்பவில்லை.

ஜூலை 7, வியாழன்
காற்று. பொடி மணல் குடத்துக்குள் எல்லாம். மல்லிகா இன்று தலை வாரிக்கொண்டது அவள் அம்மாவிடம். இரண்டு சடையும் கோணல்.

இன்று நான் பேசிய ஆட்கள்: கீரைக்காரி. தபால்காரர் (நம் வீட்டுக்கு ஒன்றுமில்லை என்றார்). அவ்வளவுதான்.

பிரேயர் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் போய் நின்றேன். யாரோ ஒரு பையன், கீச்சுக் குரல். வரியைச் சொல்கிறானா ஓடுகிறானா தெரியவில்லை. பிள்ளைகள் சந்தைக் கூச்சல் மாதிரித் திருப்பிக் கத்தின. அந்த வரியும் வந்தது, போனது. ஒரு பிள்ளைக்காவது அது உறைத்ததா?

எனக்கு மட்டும் உறைத்ததா அப்போது? என் பள்ளிக்கூடத்தில் தினமும் லண்டனில் இருந்த ராஜா நீடூழி வாழ வேண்டும் என்று கைகூப்பிப் பாடினோம். நான்தான் முன்னால். அவர் படம்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பிறகு வெள்ளைக்காரன் போனான், நானும்தான் தெருவில் நின்று கொடி பார்த்து அழுதேன். ஒரு சாமியும் வந்து என்னைக் கேட்கவில்லை.

ஆனாலும் காசு வெட்டினது வேறு. வெட்டின காசைக் கழித்து அந்த வாக்கை முறிக்க இரண்டு பேரும் சேர்ந்து அம்மன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஜூலை 8, வெள்ளி
ராமாத்தாள் வீடு மூன்று தெரு தள்ளித்தான். இத்தனை வருசம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சந்தைக்குச் சுற்றிப் போனவள் நான். இன்று போனேன். தெருக்குழாயில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். நேராகப் பேசக் கூடாதே. பக்கத்தில் கட்டியிருந்த எருமையைப் பார்த்துச் சொன்னேன்.
"புள்ளைக பள்ளிக்கூடத்துல உறுதிமொழி சொல்லோணுமாமா. காசைக் கழிச்சுப்போட்டா நல்லது. ரெண்டு பேரும் போகோணும்."
அவள் குடத்தைப் பார்த்துச் சொன்னாள்.
"கம்மல் வரட்டும். அப்பொறம் போலாம்."
"எருமைக்கு அப்பவும் புத்தியில்லை, இப்பவும் இல்லை."
"எருமைகூட அஞ்சாவது படிச்சிருக்குதாமா."
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். எப்போதிருந்து? யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்புகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா வந்ததும் கூப்பிட்டேன்.
"சொல்லு கண்ணு. முழுசாச் சொல்லு. கெட்டது வந்தா என்ற தலையில வரட்டும்."
பையைக் கீழே வைத்தாள். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு.
"நேத்தே சொல்லிட்டேன் அப்பாயி. வரிசையில நின்னு."
"பக்கத்துல ஆரு நின்னது?"
"ஜெயா. அவதான் எப்பவும் நிப்பா. நாங்க ஒண்ணாத்தான் சாப்புடறோம்."
"எப்ப இருந்து?"
"மூணாவதுல இருந்து. அவ தூக்குப்போசியில நானு, என்ற தூக்குப்போசியில அவ. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னாங்க."

அம்மன் ஏதும் செய்துவிட்டாளோ என்று குழந்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. சரசுவுக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூலை 9, சனி
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துவரம்பருப்பில் வண்டு. புடைத்தேன்.

ஜூலை 11, திங்கள்
மல்லிகா இன்று மேடை ஏறுகிறாள். சடை நான்தான் பின்னினேன். பிள்ளைகளிடம் தினமும் வாக்கு வாங்குவது சரி என்று எனக்கு இன்னும் ஒப்பவில்லை. யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஐந்து மணிக்கே எழுந்து பூண்டுப்பொடி இடித்தேன், எங்கள் அம்மா இடிக்கிற மாதிரி கொள்ளு வறுத்துச் சேர்த்து. இந்த ஊரில் இந்தப் பொடி இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். மல்லிகா தின்பது மூன்று தோசை. ஆறு வைத்து, பொடியைத் தனியாக வாழை இலையில் மடித்து வைத்தேன்.
"இவ்வளவு பொடி எதுக்கு அப்பாயி?"
"மிச்சமானாத் திருப்பிக் கொண்டாராதே. ஆரு ஊட்டுக்காச்சும் போகட்டும்."