எட்டங்குலக் கண்ணாடி

திருப்பதி
27.12.2025

மாமாவுக்கு துர்கா எழுதுவது.

இங்கே நானும் தங்கச்சி வரலட்சுமியும் நலம். உங்கள் நலத்தை விசாரிப்பது முறை, அதனால் விசாரிக்கிறேன்.

வந்து எட்டு நாள் ஆகிறது. இந்த எட்டு நாளில் நாற்பத்தொரு முறை போன் அடித்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், கடைசியில் எதைப் பேச ஆரம்பித்தோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். காகிதத்தில் கத்த முடியாது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நம் கன்னிகாவைத் தூது அனுப்பாதீர்கள். நாயுடுபேட்டையில் கம்பெனி வேலைக்கே அவளுக்கு நேரம் போதவில்லை. பெற்ற மகளிடம் இதையெல்லாம் பேச எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். நானாகக் கோபித்துக்கொண்டு ஓடிவந்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. தொலைநோக்கிக்காக அந்த எட்டங்குலக் கண்ணாடியை ஆறு மாதமாகத் தேய்த்தீர்கள். மார்கழி மூன்றாம் நாள் அதில் ஒரு கீறல் விழுந்தது. நான் வாசலில் போட்ட கோலத்தின் மாவு பறந்து வந்து விழுந்துதான் கீறியது என்று நீங்களே தீர்ப்புச் சொன்னீர்கள். "அறிவு கெட்டவளே, ஆறு மாசத்து ஒழைப்ப கோலமாவுல அழிச்சிட்டியேடி" என்று தெருவே கேட்கும்படி கத்தினீர்கள். பக்கத்து வீட்டு கங்கம்மாள் அக்கா அடுப்பில் பாலை வைத்தது வைத்தபடி ஓடிவந்து வேடிக்கை பார்த்தாள். மார்கழியில் கோலம் போட்டதற்குத் திட்டு வாங்கிய பெண்பிள்ளை சித்தூரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

திரும்பி வருவேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை.

பருப்புப்பொடி மேல் அலமாரியில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பட்டினி கிடந்து என் பெயரைக் கெடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செ. துர்காதேவி


சித்தூர்
31.12.2025

துர்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்பத்தொரு முறை இருக்காது, முப்பது இருக்கும். ஓவர்டைம் படிவம் தவிர நான் எதையும் எழுதிப் பல வருடம் ஆகிறது. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

கத்தியது தப்புதான். ஆனால் ஆறு மாத வேலை ஒரு நொடியில் போனால் மனுஷனுக்குக் கோபம் வராதா? கோலமாவு என்பது கல்லை அரைத்த பொடி. கிரானைட் கம்பெனியில் இருபது வருடமாகப் பாலிஷ் போடுகிறேன். எந்தக் கல் எதைக் கீறும் என்று எனக்கா தெரியாது?

சந்திரகிரி பள்ளிக்கூடத்து பிரேமலதா டீச்சர் மறுபடியும் பேசினார். ஜனவரி 26 சாயங்காலம் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்ட வேண்டும். புதுக் கண்ணாடியோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் தேய்க்கிற பொடியில் நடு ரகத்திலிருந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

சில விஷயம் கேட்க வேண்டும். நைஸ் பொடியை எந்த வாளியில் கலப்பாய்? எவ்வளவு நேரம் தெளியவிடுவாய்? நான் கலந்தால் அடியில் கட்டியாக நிற்கிறது. துடைக்கிற மல்துணி எங்கே? இன்னொன்று. ஒரு சுற்றுக்குக் கண்ணாடியை எத்தனை முறை தள்ளித் தேய்ப்பது என்று நீதான் எண்ணிக்கொண்டிருந்தாய். நான் எண்ண ஆரம்பித்தால் கை நின்றுவிடுகிறது. கை ஓடினால் எண்ணிக்கை விட்டுப்போகிறது. நேற்று எரிச்சலில் எழுந்து வந்துவிட்டேன்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. பொங்கலுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
செங்கல்வராயன்


திருப்பதி
5.1.2026

மாமாவுக்கு,

வாளி கேட்டு, துணி கேட்டு, எண்ணிக்கை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். துர்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. நன்றாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

பச்சை வாளியில் கலக்குங்கள். நீல வாளி பெரிய ரகப் பொடிக்கு, அதைத் தொடவே தொடாதீர்கள். பொடியைக் கையால் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். கனமான பொடி அடியில் நின்றுவிடும். மேல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, அதை ஒரு இரவு ஆடாமல் வைத்தால் அடியில் மாவு மாதிரி படியும். அதுதான் உங்கள் நைஸ் பொடி. மல்துணி பீரோவில் என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. தூசி படக் கூடாது என்று அங்கே வைத்தேன். எண்ணிக்கைக்கு நான் என்ன செய்ய முடியும்? வாய்விட்டு ஆறு ஆறாக எண்ணுங்கள்.

கத்தியதற்காக மட்டும் நான் கிளம்பி வந்தேன் என்று நினைக்கிறீர்கள். கத்துவது உங்களுக்குப் புதிதா, கேட்பது எனக்குப் புதிதா? ஐப்பசியில் பேப்பர்காரர் படம் எடுக்க வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? யாராவது உதவி செய்கிறார்களா என்று தெலுங்கில் கேட்டார். "லேது சார், நேனு ஒக்கண்ணே" என்றீர்கள். தனியாளாம்! அப்போது நான் கையில் டீத் தட்டோடு உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நகத்திடுக்கில் உங்கள் பொடி. அவர் படம் எடுக்கும்போது "கொஞ்சம் நவுந்துக்கோ துர்கா, நிழலு வுழுது" என்றீர்கள். நான் நகர்ந்துகொண்டேன்.

நல்லது நடந்தால் நீங்கள் ஒருவர். கீறல் விழுந்தால் துர்கா. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, மாமா.

பொங்கலுக்கு வரவில்லை. இங்கேதான் இருப்பேன் என்று வரலட்சுமியிடம் சொல்லிவிட்டேன்.

துர்காதேவி


சித்தூர்
12.1.2026

அன்புள்ள துர்கா,

எப்படி இருக்கிறாய்? முதலில் இதைக் கேட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாளாகச் சொல்லத் தைரியம் வராமல் இருந்தேன். கண்ணாடியில் மறுபடியும் கீறல் விழுந்துவிட்டது. அதே மாதிரி, தலைமயிர் நீளத்துக்கு ஒன்று. இந்த வாசலில் நீ போனதிலிருந்து கோலமே இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் கீறல் விழுந்த அன்றைக்கு வேலை முடிந்து பசியோடு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. துணிகூட மாற்றாமல் நேராகக் கண்ணாடியிடம் போய் உட்கார்ந்தேன். இப்போது அந்தச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தேன். காலரில், மடித்த கையில், பையில் எல்லாம் கிரானைட் பொடி கொட்டியது. தேய்க்க உதவாத ஒரு துண்டுக் கண்ணாடியை எடுத்து அந்தச் சட்டைக் கையால் தேய்த்தேன். அதே கீறல்.

அப்போதுதான் மார்கழி மூன்றாம் நாள் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் நீ பஜனைக்குப் போயிருந்தாய். வாசலில் ஆள் இல்லை. மற்ற நாளில் நான் தெருவில் வரும்போதே வாளித் தண்ணீரோடு நிற்பாய். "அப்படியே நில்லு மாமா, உள்ள வராத. சொக்காயக் கயட்டு" என்பாய். தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் காதுமடலைக்கூடத் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாய். வீடு அழுக்காகக் கூடாது என்று செய்கிறாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் என்று கேலி வேறு செய்தேன். ஆறு மாதம் அந்தக் கண்ணாடி கெடாமல் இருந்தது நீ வாசலில் நின்றதால். எனக்கு இது தெரியவே இல்லை துர்கா. இருபது வருடம் கல்லோடு கிடக்கிற எனக்குத் தெரியவில்லை.

கங்கம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அக்கா, அன்னிக்கி துர்காவத் திட்டினது தப்பு, கீறினது நான்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற, அவகிட்ட போய்ச் சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இனி இந்த வேலையே வேண்டாம். கண்ணாடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறேன். டீச்சரிடம் வரமுடியாது என்று சொல்லிவிடுகிறேன். நீ வந்தால் போதும்.

செங்கல்வராயன்


திருப்பதி
16.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலன்று வந்தது. வரலட்சுமி பொங்கிய பானையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள், நான் அடுக்களை மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கேஸ் அடுப்பில் எங்கே புகை வந்தது என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். மானம் போனது.

கண்ணாடியில் கை வைத்தீர்களோ, அப்புறம் நான் மனுஷியாக இருக்கமாட்டேன். உடைக்கப் போகிறாராம்! யாருடைய கண்ணாடி அது? நான் இறுத்த பொடியில் தேய்ந்தது, நான் எண்ணிய எண்ணிக்கையில் வளைந்தது. அதை உடைப்பதற்கு நீங்கள் யார்? ஆசையாகச் செய்கிற வேலையை விட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், அதை நான் தினமும் பார்க்க வேண்டுமா? எனக்கு அது வேண்டாம். தேய்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வாளியோடு நின்றேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கோபமில்லை, யோசித்துப் பதில் சொல்லுங்கள். போன வருடம் முடித்த சின்னத் தொலைநோக்கியில் நிலாவை யார் யாரெல்லாம் பார்த்தார்கள்? தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். உங்கள் கம்பெனி நாகேந்திரன் குடும்பத்தோடு வந்து பார்த்தார். கங்கம்மாள் அக்கா மூன்று தடவை பார்த்தாள். நான் எத்தனை தடவை பார்த்தேன்?

ஒரு தடவைகூட இல்லை மாமா. எல்லாருக்கும் டீ போட்டுவிட்டு வருவேன், மேகம் வந்திருக்கும். வந்தவர்களை அனுப்பிவிட்டு வருவேன், நீங்கள் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். "நாளிக்கிப் பாக்கலாம்" என்பீர்கள். நானும் சரி என்பேன்.

சந்திரகிரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

துர்கா


சித்தூர்
20.1.2026

அன்புள்ள துர்கா,

உன் கேள்வியைப் படித்துவிட்டு, ஒரு நாளாவது காட்டியிருப்பேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். இல்லை. கன்னிகாவுக்குப் போன் செய்து கேட்டேன். "நைனா, அம்மாவ நான் அதுகிட்ட பாத்ததே இல்லியே" என்றாள். என்ன மனுஷன் நான்? வெட்கமாக இருக்கிறது.

கண்ணாடியை மல்துணியில் சுற்றி, உன் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். அது 26ஆம் தேதிக்குத் தயாராகாது. டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சின்னதை எடுத்துப் போகிறேன்.

அன்று ஐந்தரை மணிக்கு வந்துவிடு. திருப்பதியிலிருந்து பக்கம்தானே. பிள்ளைகள் வரிசையில் நிற்பதற்கு முன்னால் நீ பார்க்க வேண்டும். அதுவரை யாரையும் கிட்டே விடமாட்டேன். நீ வராவிட்டாலும் கோபமில்லை. ஆனால் வா.

உன்,
செங்கல்வராயன்


திருப்பதி
27.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வந்தேன்.

ஐந்தரைக்கு வரவில்லை, அது நிஜம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். போகலாமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது பஸ்ஸில் ஏறிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது மணி ஆறேகால். பிள்ளைகள் வரிசையில் நின்று கூச்சல் போடுகிறார்கள், நீங்கள் தொலைநோக்கியின் மூடியைக்கூடத் திறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பிரேமலதா டீச்சர் வந்து ஏதோ சொன்னார். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் உங்களிடம் நடந்து வர என் கால் வரவில்லை.

பிறகு மைக்கை உங்கள் கையில் கொடுத்தார்கள். தெலுங்கில் ஆரம்பித்து இரண்டாவது வரியிலேயே தமிழுக்கு வந்துவிட்டீர்கள். "பெரிய கண்ணாடி கொண்டாறேன்னு சொன்னேன், கொண்டாரல. அது கீறிப்போச்சு. நான் தேச்சிக்கினு மட்டும்தான் இருந்தேன். அது கெடாம பாத்துக்கினு இருந்தது என் பொஞ்சாதி துர்காதேவி. கீறலு வுழுந்ததும் அவளத் திட்டினேன். கீறினவன் நான்தான்" என்றீர்கள். பிள்ளைகளுக்கு என்ன புரிந்ததோ, கை தட்டினார்கள். நான் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஆயம்மா "ஏமைந்தம்மா?" என்று கேட்டாள். என்ன ஆனது என்று அவளிடம் எதைச் சொல்வது?

அப்புறம் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பனிக்குத் தலையில் சால்வை போட்டிருந்தேன். வெளிச்சம் தெரியக் கூடாது என்று விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஓடினார்கள். என் முறை வந்தது. நிலா நகர நகர நீங்கள் குழாயைத் திருப்பிக்கொண்டே இருந்தீர்கள், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "வாங்கம்மா, தொடாம பாருங்க. அவசரமே இல்ல. கண்ணு பழகட்டும், மெதுவாத் தெரியும்" என்றீர்கள்.

பார்த்தேன். அரை நிலா. ஒரு பக்கம் பளிச்சென்று, ஓரமெல்லாம் குழி குழியாக. இத்தனை நாள் இதையா தலைக்கு மேல் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன் என்று இருந்தது. "தெரியுதாம்மா?" என்று மறுபடியும் கேட்டீர்கள். வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று தலையை மட்டும் ஆட்டினேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க, பரவாயில்ல" என்றீர்கள்.

மாமா, நீங்கள் மைக்கில் சொன்னதற்கு என் மனசு ஆறிவிட்டது. வரலட்சுமியிடம் பையைக் கட்டச் சொல்லிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் மைக் பேச்சு ஞாபகம் வரவில்லை. நீங்கள் யாரோ ஒரு பெண்ணிடம் பேசியதுதான் காதில் இருந்தது. அவ்வளவு பதமாக உங்களுக்குப் பேச வரும் என்று எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியாது. அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்தக் குரலில் என்னிடமும் பேசுவீர்களா, நான்தான் என்று தெரிந்த பிறகும்?

உங்கள்,
துர்கா