கடைசி வரப்பு

24.6.2025, செவ்வாய்

இவருக்கு இடது கண்ணில் முதல் ஊசி போட்டாயிற்று. சர்க்கரையால் வலது கண் போன வருடமே போய்விட்டது. மிச்சம் இந்த ஒன்றுதான்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி பஸ்ஸில் திரும்பும்போது, "கண்ணுல எதுக்கு ஊசி?" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவளிடம் கேட்கலாமா? ஆரம்பித்துவிட்டேன். விழித்திரைக்கு ரத்தம் பற்றவில்லை. பட்டினி கிடக்கிற செல்கள் ரத்தம் கேட்டு ஒரு புரதத்தைத் தூது அனுப்புகின்றன. அது ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், புதுக்குழாய் கிளைவிடும். ஊசி மருந்து அந்தத் தூதை வழியிலேயே மறிக்கிறது.

"வாய்க்கா கடைசியில கெடக்குற நம்ம கடைமடைக்காரங்க தண்ணி கேட்டு ஆளனுப்புற மாதிரி" என்றேன், புரியட்டுமென்று. "ஆளனுப்புற மாதிரியா" என்று வீடு வரை தனக்குள்ளே சொல்லிக்கொண்டே வந்தார்.

26.6.2025

கண் டாக்டர் நுஸைபா கொடுத்த கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினேன். பசை இல்லை, சோற்றுப் பருக்கைதான். தினமும் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்து தெரிந்தால் கண்ணுக்குள் கசிவு இருக்கிறது.

"பாதி வரப்பு நெளியுது" என்றார், கோடுகளைக் காட்டி.

22.7.2025, செவ்வாய்

இன்று இரண்டாவது ஊசி. நான் புடவை கட்டி வருவதற்குள் ஆள் நாற்றங்காலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"நான் வரல. தண்ணி கேட்டு முப்பது வருஷமா ஆபீஸ் வாசல்ல நிக்கிறவன் நான். மனு குடுக்கப் போறவன வழியிலயே மறிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் கண்ணுக்குள்ள நானே அதைச் செய்யணுமா?"

அட மனுஷா! இருக்கிற ஒரு கண்ணையும் நியாயம் பேசியே தொலைக்கப் போறீங்களா? — வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். கோபமா, பயமா? பயம்தான்.

தப்பு என்னுடையது. பாதிதான் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் மீதியைச் சொன்னேன். "கேக்குறது நியாயம்தாங்க. ஆனா அவசரத்துல வர்ற குழாய்க்குச் சுவரே பலமில்ல. கரை அணைக்காம வெட்டுன வாய்க்கா. நடுவுலயே உடைச்சுக்கிட்டு நாத்தை மூழ்கடிச்சிரும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உடைப்பெடுக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சுது. தூதாம், புரதமாம். பாடம் நடத்துறாங்க டீச்சரம்மா!"

24.7.2025

ஊசி போட்டாயிற்று. இரண்டு நாள் தள்ளியதால் மோசமில்லையாம். வெளியே வந்து பிடித்த என் கையை பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில், தெருவில் இதுதான் முதல் தடவை.

23.8.2025

மூன்றாவதும் போட்டாயிற்று.

5.9.2025

நெளிகிற வரப்பு இரண்டுதானாம்.

14.9.2025, ஞாயிறு

பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "குந்தவை, எல்லாம் நேராயிடுச்சு. கீழ் மூலையில ஒண்ணு மட்டும் அப்படியே நெளிஞ்சு கெடக்கு" என்றார். குரலில் சோர்வு.

மருந்து இவ்வளவுதான் கேட்குமா? கசிவு அங்கேயே தங்கிவிட்டதா? கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். "எது? விரல் வச்சுக் காட்டுங்க." சரியாகக் காட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன்.

சோறு காய்ந்த இடத்தில் தாள் உப்பியிருந்தது. கோடு நெளிந்துதான் இருந்தது. இத்தனை நாளில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"அது நெஜமாவே நெளிஞ்சுதாங்க இருக்கு" என்றேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும் என்று நின்றேன்.