வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கு

ஹேர்னிங், டென்மார்க், மே 2009

இஞ்சாருங்கோ,

நேற்று கொப்பன்ஹேகன் போராட்டக் கூடாரத்திலிருந்து கோல் எடுத்தபோது, "கூடாரத்தில சோறு தாறாங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டன்" என்றீர்கள். உடம்பு மெலிய இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேசன் செய்ததிலிருந்து நான்கு கரண்டிக்கு மேல் உங்களுக்கு இறங்கியதில்லை. கொப்பன்ஹேகனில் மட்டும் எப்படி இறங்குகிறது?

விற்றமின் குளிசை ஒழுங்காகப் போடுவதாகவும் சொன்னீர்கள். அது முழுக்க இங்கே குசினி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கிறது.

வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி அங்கே யார் யார் உண்ணாவிரதம் இருக்கிறார்கள் என்று கூடாரத்தில் நிற்கும் ராசமலர் அக்காவைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும் பிள்ளை" என்று அவசரமாகக் கதையை மாற்றிவிட்டா.

அங்கே ஒருவரும் உங்களை மறிக்கமாட்டார்கள். சனம் சிரிக்கும் என்று பயந்து, ஒப்பரேசன் பித்தப்பைக் கல்லுக்கு என்றுதானே எல்லாருக்கும் சொல்லி வைத்தோம். சத்தும் உப்பும் குறைந்தால் உங்கள் இதயத் துடிப்பு தடுமாறும் என்று டொக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

யாருக்காகப் பட்டினி என்று நான் கேட்கவில்லை. வன்னியில் இருக்கும் என் தம்பியிடமிருந்து இன்னும் ஒரு கதையும் இல்லை.

இதைக் கொண்டு வரும் நேசராஜா அண்ணையிடம் குளிசையும் போத்தலில் சூப்பும் கொடுத்திருக்கிறேன். அவருக்கு முன்னால் குடியுங்கள். போத்தல் அப்படியே திரும்பி வந்தால், அது என்ன ஒப்பரேசன் என்று நானே வந்து மைக்கில் சொல்லுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஒருவனுடைய குரலுக்காகக் காத்திருக்கிறேன். இன்னொருவருக்காகவும் காத்திருக்க என்னால் ஏலாது.

லாச்சியைத் திறந்து பார்த்தவள்