மஞ்சள் பலகை

மார்ச் 4

அக்காவுக்கு இன்று கட்டுப் பிரித்தார்கள். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே யாரும் எனக்கு மோதிரம் வாங்கித் தர வேணாம்டி, மிச்சம்," என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு வரவில்லை.

மார்ச் 6

அக்காவின் விபத்து பற்றி அச்சகத்தில் விசாரணை. மேனேஜர் சொன்னது: "மெஷின் மேலயே காஷன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கண்ணு இருக்கிறவங்க படிச்சிருக்கணும்."

அந்தப் பலகைக்கு நான் எழுதிக் கொடுத்தது வார்னிங். ஆரஞ்சு நிறத்தில். ஆரஞ்சு என்றால் எங்கள் அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். மஞ்சள் என்றால் ஓடும்போதே விடலாம், கவனமாக. மை உருளையைத் துடைக்க ஒவ்வொரு தடவையும் நிறுத்தினால் வேலை தாமதமாகும் என்று அதைக் காஷனாக்கி, மஞ்சளாக்கியவர் அவர். நான் மறுத்தபோது அன்று சொன்னது: "ஒரு வார்த்தைதானேம்மா! பிழை திருத்துற பொண்ணு, இதுக்குப் போய் மல்லுக்கு நிக்கிறியே."

ஒரு வார்த்தைதான்.

மார்ச் 7

விசாரணைக் கூட்டத்தில் மேனேஜர் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. பேனாவை உருட்டும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

காஷன் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஈரத் தரையில். கண்ணாடிச் சாமான் பெட்டியில். அக்காவின் மாத்திரை அட்டையில் — தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாதாம். வழுக்கும், கீறும், கண் சொக்கும். ஒரு பெண்ணின் கையை இழுத்துக்கொள்ளும் உருளைக்கும் அதே சொல்லா?

அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது. தப்புச் செய்தவனைத் தண்டிக்காமல், இனிமேல் செய்யாதே என்று சொல்லி அனுப்பிவிடுவது.

மார்ச் 14

விசாரணை முடிவு வந்துவிட்டது. மேனேஜருக்குக் கிடைத்தது காஷனின் அந்த இன்னொரு பொருள்: இனிமேல் செய்யாதே. அக்காவுக்குக் கிடைத்தது 'கவனக்குறைவு'.

பலகை அப்படியே இருக்கிறது. அக்கா இடத்துக்கு வந்திருக்கும் பெண், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே ஓடும் உருளையில் துணியை வைக்கிறாள்.

விடமாட்டேன். இத்தனை நாள் நல்லவளாக இருந்து என்னத்தைக் கண்டேன்?

மார்ச் 19

நாளை மறுநாள் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். சுற்றிக்காட்டப் போவது மேனேஜர். குறிப்பெடுக்க நான்.

ஒரு சுத்தமான துணி எடுத்து வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 21

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆய்வாளர் அம்மா பலகையைப் பார்த்து, "ஓடும்போதேவா துடைக்கிறாங்க?" என்றார்.

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது மேடம்."

துணியை நீட்டினேன். "நீங்களே ஒரு தடவை காட்டிடுங்க சார். மஞ்சள்தானே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார். முழுக்கையை மடித்துவிட்டார். கை மெல்ல உருளைப் பக்கம் போனது. இன்னும் ஒரு சாண். நிறுத்தும் பொத்தான் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போகட்டும், போகட்டும் — ரெண்டே ரெண்டு விரல்.

துணிதான் முதலில் நடுங்கியது. பிறகு அவரே எட்டிப் பொத்தானை அழுத்தினார். உருளை நின்றது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

நெற்றி வியர்வையை அந்தத் துணியாலேயே துடைத்துக்கொண்டார். ஆய்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 22

அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தாளு கையை விட்டிருந்தா?"

"விடலையேக்கா."

"விட்டிருந்தா நீ நிறுத்தியிருப்பியாடி?"

தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 17

மேனேஜரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். 'கவனக்குறைவு' நீக்கப்பட்டது. ஆரஞ்சுப் பலகையை அக்காதான் மாட்டினாள்; ஆணியை மூன்று விரலில் பிடித்துக்கொண்டு, "சுத்தியலை நீ தொடாதே, இருக்கிறதாவது இருக்கட்டும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இப்போது அவளுக்கும் மாடியில்தான் வேலை, என் எதிர் மேசையில். துடைப்பதற்காகக் கீழே மெஷின் நிற்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறாள். அது மறுபடி ஓடத் தொடங்கும் வரை, படித்த வரியையே நான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.