ராசம்மாள் எருமையின் நாள் நோட்டு

கீழமருதங்குடி,
18.1.1982

அன்பு மருமகள் மலர்கொடிக்கு,

சாமிதுரை மாமா எழுதுவது. நான் குண்டுக்கல்லாக இருக்கிறேன். உன் அத்தை வழக்கம்போல் என்னை நம்பாமல் சௌக்கியம்.

சென்னைக் கால்நடைக் கல்லூரியில் எருமைச் சினையை ஆராயும் ஒரே பெண் நீதான் என்று திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு மந்திரியே உனக்குத் தந்தி அடித்ததாகவும் சேர்த்துச் சொன்னேன். கேட்க நன்றாயிருந்தது.

நீ கேட்டபடி கூலிக்காரர் தெருவில் ராசம்மாள் வளர்க்கும் எருமை பருவத்துக்கு வருகிறதா என்று காலையும் மாலையும் பக்கத்தில் நின்று பார்த்து, நோட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வருஷமாகச் சினை பிடிக்காத மாடு. மாசிக்குள் பிடிக்காவிட்டால் கறிக்கு விற்றுவிடுவாளாம். விடுவேனா? 5ஆம் தேதி அது கத்திய கத்தலில் வெண்ணாற்றுக்கு அக்கரையில் ஓர் எருமைக்கிடா கயிற்றை அறுத்துக்கொண்டது. மாட்டுப் பொங்கலன்று கொம்பில் மாலையோடு ஆடியது பார், பரதநாட்டியம்!

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பக்கீர் முகம்மது வாரம் இரண்டு தரம் அதன் இரத்தம் எடுத்து உனக்கு ரயிலேற்றுகிறார். இங்கே அறுவடைக் கூலித் தகராறு. ஆட்கள் வயலில் இறங்காமல் தங்கள் தெருவில் கொடி நட்டிருக்கிறார்கள். பண்ணையாரின் ஆட்களை மேய்க்கும் காரியக்காரன் நான். என்னைக் கண்டால் கொடியே மடங்கிக்கொள்ளும்.

உன் மாமன்,
சாமிதுரை


சென்னை,
27.1.1982

அன்புள்ள மாமா,

உங்கள் நோட்டை விடுதியே கூடி வாசித்தோம். சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் இரத்தத்தின் முடிவு வந்தது.

மாடு பருவத்துக்கு வரும் நாளில், இரத்தத்தில் நான் அளக்கும் ஹார்மோன் அடியோடு குறைந்துவிடும். 5ஆம் தேதி உச்சத்தில் இருந்தது. அன்று மாடு பருவத்தில் இல்லை, அப்படிக் கத்தியிருக்கவே முடியாது. ஹார்மோன் குறைந்த நாள் மாட்டுப் பொங்கல். கொடி நட்ட தெருவில் இந்த வருஷம் மாட்டுப் பொங்கலே வைக்கவில்லை என்று கம்பவுண்டர் எழுதியிருக்கிறார். மாலை எங்கிருந்து வந்தது மாமா?

நீங்கள் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அது மலட்டு மாடு இல்லை. பருவத்துக்கு வருகிறது, சத்தமில்லாமல் வருகிறது. என் ஆராய்ச்சியே இந்த ஊமைப் பருவம்தான். அடுத்தது பிப்ரவரி 5ஐ ஒட்டி வரும். கண்ணாடி போல் ஒழுக்கு தெரியும், அவ்வளவுதான். தெரிந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சினை ஊசி போட வேண்டும். ராசம்மா அக்கா விடிந்ததும் மறியலுக்குப் போய்விடுகிறாராம். பகலில் யாராவது உட்கார வேண்டும். ஒன்றும் நடக்காத நாளில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

அன்பு மருமகள்,
மலர்கொடி


கீழமருதங்குடி,
6.2.1982

மலரு,

போனேன். தெரு முனையிலேயே ராசம்மாள் மறித்தாள்.

"என்ன காரியக்காரரே, அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்தீங்களா?"

"இல்ல ராசம்மா, மாட்டைப் பாக்க."

"அதான் மூணு வாரமா பாக்குறீங்களாமே, கம்பவுண்டர் சொன்னாரு. எங்க மாடு ஆடுச்சாமுல்ல?"

தெருவே சிரித்தது. ஆடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

"கைத்தடிய இங்கயே போட்டுட்டு வாங்க. குந்துங்க" என்றாள்.

போட்டுவிட்டுக் குந்தினேன். பண்ணையார் காதுக்குப் போயிற்று. "இனி அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். இருந்தேன்.

நோட்டு இதோ.

திங்கள்: ஒன்றுமில்லை.
செவ்வாய்: ஒன்றுமில்லை.
புதன்: ஒன்றுமில்லை. என் தலையை நக்கியது. இது அடையாளமா தெரியவில்லை.
வியாழன்: ஒன்றுமில்லை. எழுதவே கை கூசுகிறது.
வெள்ளி காலை ஏழு மணி: படுத்திருந்தது. வாலுக்குக் கீழே கண்ணாடி நூல் மாதிரி ஒழுக்கு. மாடு கத்தவில்லை. நான்தான் கத்தினேன். பக்கீர் முகம்மது சைக்கிளில் வந்து சாயங்காலம் ஊசி போட்டார்.

மாமன்


கீழமருதங்குடி,
14.4.1982

மலரு,

கூலி பேசி முடிந்து அறுப்பும் ஆயிற்று. பண்ணையில் இப்போது வேறு காரியக்காரன். என் கைத்தடியை ராசம்மாள் மாடு கட்ட முளையாக அடித்துவிட்டாள். நன்றாகத்தான் நிற்கிறது.

நேற்று கம்பவுண்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். சினை. ராசம்மாள் விற்கவில்லை.

இதில் ஓர் எழுத்துகூட நான் கூட்டி எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டில் மட்டும் இரட்டைக் கன்று என்று சொல்லியிருக்கிறேன்.

மாமன்