ஒன்றும் வேண்டாத மாணவர்

மொக்போ,
தென் கொரியா,
9 மார்ச் 1985

அன்புள்ள சோரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஹாம்பர்க்கில் கிம்ச்சி போட நல்ல முட்டைக்கோஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறீர்கள். மகள் எந்த வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பு. முன்பல் விழுந்துவிட்டது. இருக்கட்டும்.

நம் டேக்வாண்டோ கூடம் நன்றாக நடக்கிறது. பள்ளி திறந்த வாரம் என்பதால் புதிதாகப் பலர் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் வழக்கப்படியே ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, "எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். ஒருவனுக்குப் போட்டியில் மெடல் வாங்கிக் கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டும். நூடுல்ஸ் கடை அம்மா தன் இரட்டைப் பையன்களை இழுத்து வந்து, "ஒரு மணி நேரம் இவனுங்க என் கண்ணுல படாம இருந்தா போதும் தாயே. உதைக்கக் கத்துக்கிட்டாலும் சரி, உதை வாங்கினாலும் சரி" என்றாள். உண்மையைச் சொன்னாளே என்று உடனே சேர்த்துக்கொண்டேன். உங்கள் மூத்த மாணவன் தோங்சுவே போலீஸ் தேர்வில் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணுக்காகத்தான் கறுப்பு பெல்ட் வாங்கினான். தையல்கடைப் பெண் தோங்சுவின் முகத்தைப் பார்க்க வருகிறாள். அவன் வராத நாளில் அவளுக்குக் கால் வலி வந்துவிடுகிறது.

எல்லாருக்கும் ஏதோ ஒன்று வேண்டும். அது எனக்குப் புரிகிறது. புரியாத ஆள் ஒருவர் போன வாரம் வந்தார். ஹோங் பன்கில் என்று பெயர், மீன் ஏலக் கூடத்தில் வேலை, நாற்பதை நெருங்கும் வயது. எதற்கு வந்தீர்கள் என்றேன்.

"சும்மாதான்."

"உடம்பு குறைக்கவா?"

அவர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். காய்ந்த நெத்திலி மாதிரி உடம்பு, குறைக்க என்ன இருக்கிறது? "ஒண்ணும் வேணாங்க. ஒரு ஓரமா நின்னுக்கறேன்" என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்கிற ஆளை நம்பலாமா? எதிர்த்தெருவில் புதிதாகக் கூடம் திறந்திருக்கிறார்களே, அவர்கள் அனுப்பிய வேவுக்காரர் என்று எனக்குச் சந்தேகம்.

மற்றபடி நீங்கள் சொல்லிப் போனபடிதான். தோங்சு கற்றுக்கொடுக்கிறான். உங்கள் கறுப்பு பெல்ட் முன்சுவரில் தொங்குகிறது. நான் ஓரத்தில் நின்று "மாஸ்டருக்கு வணக்கம்!" என்று குரல் கொடுக்கிறேன், எல்லாரும் அந்த பெல்ட்டுக்குக் குனிகிறார்கள். நாம் இருவரும் ஒரே நாளில் வாங்கிய பெல்ட்டுகள்தான். என்னுடையது அலமாரியில் பூச்சி உருண்டைகளோடு கிடக்கிறது. கல்யாணத்தன்று "போதும், இனிமே நான் பாத்துக்கறேன்" என்றீர்கள், அன்று மடித்து வைத்தது. எடுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று கற்றுக்கொடுக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோரா அம்மா

*

ஹாம்பர்க்,
27 மார்ச் 1985

சோரா அம்மாவுக்கு,

நலம். சோராவின் பல்லைக் கூரைமேல் எறிந்தீர்களா?

இங்குள்ள மாணவர்களைப் பற்றி என்ன சொல்ல! ஒருவன் டாக்டர் சொன்னாரென்று முதுகுவலிக்காக வருகிறான். ஒரு பெண்மணி நாயோடு வருகிறாள். குனிந்து வணங்கச் சொன்னால் ஏன் என்று கேட்கிறார்கள். ஆனால் பெல்ட் மட்டும் சீக்கிரம் கறுப்பாகிவிட வேண்டும்.

அந்தப் புது ஆளைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்றும் கேட்காதவன் நல்லவனாகத்தான் இருப்பான். நடுவயதில் ஆண்பிள்ளைக்கு எங்காவது போய் நிற்கத் தோன்றும். சேர்த்துக்கொள், நச்சரிக்காதே.

உன் ஆசையைப் பற்றி எழுதியிருந்தாய். கொஞ்சம் யோசித்துப் பார். ஒரு பெண் முன்னால் நின்றால் வளர்ந்த ஆண்கள் யார் குனிவார்கள்? புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது ஊர் என்ன பேசும்? தோங்சு இருக்கிறான், அது போதும். என் பெல்ட்டைத் தூசி தட்டு. துவைத்துவிடாதே.

கிசோப்

*

மொக்போ,
12 மே 1985

அன்புள்ள சோரா அப்பாவுக்கு,

தூசி தட்டினேன், துவைக்கவில்லை. தோங்சு நன்றாக இருக்கிறான், அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன், அவள்தான் சொன்னாள். கூடத்தில் ஒரு குறையும் இல்லை.

பன்கில் விஷயம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கால் முழங்காலுக்குமேல் எழும்பவே இல்லை. போன வாரம் உதைக்கப் போய் மல்லாந்து விழுந்தார். இரட்டையர் இன்னும் அதை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணை எதிரே வைத்தால்தானே கால் ஒழுங்காகப் போகும்? அவர் கண் எப்போதும் வாசலில். யார் வருகிறார்கள், யார் கடைசியில் போகிறார்கள் என்றே பார்க்கிறார். சோராவுக்கு எள்ளுமிட்டாய் கொடுத்து, "உங்க வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா பாப்பா?" என்று கேட்டாராம். கீழே எண்ணெய் ஆட்டும் அம்மா வேறு, "அந்த மீன்காரன் தெருமுனையில நின்னு உன் ஜன்னலையே பாக்கறான்டி" என்கிறாள்.

பொறுக்க முடியாமல் எதிர்க்கூடத்துக்காரனையே போய்க் கேட்டேன். அவனுக்கு வந்ததே கோபம்! "ஐயோ, அந்த ஆளு என் வாசல்ல வந்து ரெண்டு தடவை எட்டிப் பாத்தான். நீங்க அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சேன்!" என்கிறான். அப்படியானால் இவர் யாருடைய ஆள்?

இன்னொரு ஆச்சரியம். தபால்காரர் நம் வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாலே முகம் சுளிக்கிறவர் நீங்கள். முன்பின் தெரியாத இவரை மட்டும் எப்படி நல்லவர் என்கிறீர்கள்?

ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து தரையைத் துடைத்து வைக்கிறார். யாரும் சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சோரா அம்மா

*

ஹாம்பர்க்,
3 ஜூன் 1985

யோன்சில்,

தோங்சு போலீஸ் வேலை கிடைத்து ஏப்ரலிலேயே நின்றுவிட்டானாமே? "நன்றாக இருக்கிறான்" என்று எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறாய்! அலமாரியைத் திறந்து உடுப்பை மாட்டிக்கொண்டு நீயே முன்னால் நிற்கிறாய். தலைமுடியைக் காதளவு வெட்டிக்கொண்டிருக்கிறாய். நூடுல்ஸ் கடைப் பையன்கள் உன்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். கல்லூரிக்குப் போகப்போகும் அந்தப் பையனோடு சனிக்கிழமை வகுப்பு முடிந்தும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய்.

நான் இங்கே தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன். என்னிடம் ஏன் மறைத்தாய்?

கிசோப்

*

மொக்போ,
20 ஜூன் 1985

சோரா அப்பாவுக்கு,

மறைத்தேன். கூடாது என்பீர்கள் என்று தெரிந்துதான் மறைத்தேன். நியமனம் வந்த மறுநாளே தோங்சு நின்றான், கூடவே தையல்கடைப் பெண்ணும் நின்றாள். முன்னால் நிற்க ஆள் இல்லை. நான் நின்றேன். சிரித்தது, அந்தப் பையன் வயிறு சரியில்லாமல் பாதி வகுப்பில் ஓடினான் என்பதற்காக.

என் தலைமுடியைப் பற்றி யார் உங்களுக்குச் சொன்னது?

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். தோங்சுவின் அம்மாவை, எண்ணெய்க்கார அம்மாவை, தபால்காரரை. வெட்கமாக இருக்கிறது, சோராவைக்கூட உட்காரவைத்து விசாரித்தேன். பிள்ளை அழுதுவிட்டாள். மறுநாள் மாலை "மாஸ்டருக்கு வணக்கம்!" என்று குரல் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், கடைசி வரிசையில் வெள்ளை பெல்ட்டோடு பன்கில், கண் வழக்கம்போல் வாசலில். முன்பின் தெரியாத அவரை நீங்கள் நல்லவர் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்கு கிசோப்பைத் தெரியுமா?"

அவர் துணியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பட்டாளத்துல ஒண்ணா இருந்தோம் அண்ணி. ஒரு தடவை ஆத்துல என்னைக் காப்பாத்தினாரு. 'அங்க போய் நில்லு, யார் வர்றா போறான்னு மட்டும் எழுது'ன்னாரு. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எழுத என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல. அதான் முடி வெட்டினதெல்லாம் எழுதினேன். ஏதாச்சும் எழுதணுமே." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "இனிமே எழுத மாட்டேன். என்னைத் துரத்திடாதீங்க அண்ணி. இல்ல, மாஸ்டர். இப்பத்தான் இடுப்பு வரைக்கும் கால் எழும்புது" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உங்கள்மேல் வந்தது. பத்து வருஷம் உங்களோடு ஒரே தரையில் படுத்தவள் நான். என்னை வேவு பார்க்க மீன் ஏலத்திலிருந்து ஆள் வைத்தீர்களே!

யோன்சில்

*

ஹாம்பர்க்,
8 ஜூலை 1985

சோரா அம்மாவுக்கு,

நடந்தது நடந்துவிட்டது. தூர தேசத்தில் இருக்கும் ஆணின் மனம் உனக்குப் புரியாது. இங்கே சக மாஸ்டர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் தூக்கம் வராது. உன்மேல் சந்தேகமில்லை, ஊர்மேல்தான்.

யோசித்து முடிவெடுத்துவிட்டேன். கூடத்தை மூடிவிடு. பில்லியர்ட்ஸ் நடத்தும் ஒருவர் அந்த மாடியைக் கேட்கிறார், வந்து பார்ப்பார். நீயும் சோராவும் குவாங்ஜுவில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுங்கள். அந்தத் துரோகி பன்கிலை உடனே வெளியே அனுப்பு. கடைசி வகுப்பு முடிந்ததும் என் பெல்ட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வை.

கிசோப்

*

மொக்போ,
25 ஆகஸ்ட் 1985

சோரா அப்பாவுக்கு,

பில்லியர்ட்ஸ்காரர் வந்தார். கீழே எண்ணெய்க்கார அம்மா படியிலேயே மடக்கிவிட்டாள். கட்டடம் அவளுடையதுதானே! "மாடியில தொம்முதொம்முன்னு உதைக்கிற சத்தம் கேக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராது. போய்ட்டு வாங்க ஐயா" என்றாளாம். வாடகையை மாதாமாதம் கையில் கொடுப்பவள் நான். அவளுக்கு என் முகம்தான் தெரியும்.

நேற்று பெல்ட் தேர்வு வைத்தேன். பெற்றோர்கூட வந்திருந்தார்கள். நல்ல புழுக்கம். வழக்கம்போல் ஓரமாக நின்று "கவனம்! மாஸ்டருக்கு வணக்கம்!" என்று குரல் கொடுத்தேன். எல்லாரும் உங்கள் பெல்ட்டைப் பார்த்துக் குனியப் போனார்கள். கடைசி வரிசையில் பன்கில் மட்டும் என் பக்கம் திரும்பி நின்றார்.

இரட்டையரில் ஒருவன் கிசுகிசுத்தான்: "மாமா, தப்பு! வணக்கம் அந்தப் பக்கம்!"

"அந்தப் பக்கம் துணிதான்டா தொங்குது. நமக்குக் கத்துக்குடுத்தவங்க இதோ நிக்கறாங்க" என்றார் அவர், எல்லார் காதிலும் விழும்படி. குனிந்தார். இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்தார்.

இரட்டையர் திரும்பினார்கள். மெடல்காரப் பையன் திரும்பினான். வரிசை முழுக்கத் திரும்பியது. நூடுல்ஸ் கடை அம்மாவும் எதற்கென்று தெரியாமல் எழுந்து குனிந்தாள். வளர்ந்த ஆண்கள் யார் குனிவார்கள் என்று கேட்டீர்களே, உங்கள் ஆள்தான் முதலில் குனிந்தார். நான் அழுதேன். மாஸ்டர் அழக்கூடாது என்று சோரா பிற்பாடு திட்டினாள்.

அவருக்கு இடுப்பு உயரத்தில் பலகை பிடித்தேன். முதல் உதையில் உடையவில்லை. இரண்டாவதில் உடைந்தது. இரட்டையர் போட்ட கூச்சலில் கீழே எண்ணெய்ச் செக்கையே நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் பெல்ட்டைக் கட்டிவிடும்போது, "எதுக்கு வந்தீங்கன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன். "நிறுத்த மனசு வரலை மாஸ்டர், வேற காரணம் தெரியலை" என்றார். மற்ற எல்லாருடைய காரணத்தையும்விட எனக்கு அது பிடித்திருந்தது. சான்றிதழில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூடத்தை மூட மாட்டேன். குவாங்ஜுவுக்கும் போக மாட்டேன். உங்கள் பெல்ட்டைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னீர்கள். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. கட்டிக்கொள்ளுங்கள், அங்கேயும் யாராவது முன்னால் நிற்க வேண்டியிருக்கும். சுவரில் அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. சோரா தன் தண்ணீர்க் குடுவையை மாட்டுகிறாள்.

நீங்கள் என்றைக்காவது திரும்பி வரலாம். வந்தால் நேராக வீட்டுக்கு வராதீர்கள், மாலை வகுப்புக்கு வாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் மற்றவர்களைப் போல உங்களையும் வாசலில் நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று கேட்பேன். பதில் சரியாக இருந்தால்தான் உள்ளே விடுவேன்.

யோன்சில்