ஓட்டுநரோடு பேசக் கூடாது

ஜனவரி 9

தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. இருப்பாய், தெரியும்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மகள் வீட்டுக்குப் புறப்படுகிறேன். நேராகப் போகிற விமானம் எத்தனையோ இருக்க, காலையில் உன் ஊரில் இறங்கி, பகல் முழுக்கக் காத்திருந்து, ராத்திரி வேறு விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டிருக்கிறாள். கேட்டால் "அதுதாம்மா சீப்பு" என்கிறாள். நீயும் அவளும் சேர்ந்து செய்த வேலை என்று புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் உன் வீட்டுக்காரர், "உங்க அக்கா வாய்க்கு மெயின் ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதுகூடப் போகட்டும். நீ சிரித்தாய். அன்றைக்கே உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்து, தானாகவே மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் பழகி, பட்டறை வைத்தவள் நான். ஒரு பகலைக் கழிக்க எனக்குத் துணை வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். "அந்த ஸ்விட்ச்ச இன்னும் விடலையா அவங்க?" என்றார் அவர். அப்புறம் துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கிக்கொண்டிருந்தார்.

படி ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெட்டியை விமான நிலையத்திலேயே வைக்க அறை இருக்கிறது. வைத்துவிட்டு வெளியே வா. வாசலிலேயே டிராம் நிற்கும். ஆற்றுப் பாலம், மீன் சந்தை, மணிக்கூண்டு, கடைசியில் துறைமுகம், எல்லாம் ஒரே தடம்தான். ஒருநாள் சீட்டு வாங்கினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கம்பளிச் சட்டை மறக்காதே. இங்கே காற்று பல்லைக் கிட்ட வைக்கும்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தடத்தில் ஓடும் டிராம்களில் ஒன்றை ஓட்டுவது நான். அன்றைக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. என் வண்டி முகப்பில் மஞ்சள் கோடு இருக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்.

உன்,
வாலு


பிப்ரவரி 3

தங்கைக்கு,

டிராம் பொதுச் சொத்து. சீட்டு எடுத்த யாரும் ஏறலாம். ஓட்டுவது யார் என்பது என் கவலை இல்லை. உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் அது உன் வீடு ஆகிவிடாது.

கம்பளிச் சட்டை தேவையில்லை. எனக்குக் குளிராது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் மகள் சொன்னாள். இருமுகிறாய் என்றும் சொன்னாள். கம்பளிச் சட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

டிப்போவில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிறுத்தங்களின் பெயர் சொல்ல வைத்திருக்கும் மைக்கில் நாள் முழுக்க ஏதோ புரியாத மொழியில் பேசினேன் என்று புகார். என் கதவைத் தட்டிக் கத்தினானே, தொப்பி போட்ட அந்த ஆள்தான் கொடுத்திருக்கிறான். "ஓட்டுநரோடு பேசக் கூடாது என்றுதானே பலகை இருக்கிறது? ஓட்டுநர் பேசக் கூடாது என்று இல்லையே?" என்றேன் மேலாளரிடம். உன் தங்கைதானே நான். இனிமேல் மைக்கில் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இறங்கும்போது பயணச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினாயே, பின்பெட்டி மோட்டார் சத்தம் சரியில்லை, பேரிங் போகிறது என்று? மெக்கானிக் திறந்து பார்த்தார். நன்றாக இருக்கிறதாம்.

உன்னைப் போலவே என் வீட்டுக்காரருக்கும் இருமல்.

அக்கா, அந்தத் தொப்பிக்காரனை நீ திட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இதற்கும் ஆறு வருஷமா? உடனே எழுது. பயமாக இருக்கிறது.

உன்,
வாலு


மார்ச் 6

வாலுவுக்கு,

ஊர் பரவாயில்லை. இறங்கிப் பார் என்றாய். நான் இறங்கவே இல்லை. துறைமுகம் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். சுற்றி இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். என் இருக்கையை நான் விடவில்லை.

வாய்க்குக் குறுக்கே கோடு போட்ட படம் உன் கதவில் தொங்குகிறது. நீயோ மைக்கில், "அக்கா, மீன் சந்தை வருது, மூக்கப் பொத்திக்க" என்கிறாய். "மூணாவது மாடி, நீலத் திரை, அதான் நம்ம வீடு. பால்கனியில அவரு நிப்பாரு. கை காட்டுவாரு. நீ காட்ட வேணாம்" என்கிறாய். பாலத்தில் உன் முழங்கால் வலி, மணிக்கூண்டில் உன் மகன் வேலையை விட்ட கதை. பதில் சொல்ல எனக்கு நாக்குத் துடிக்கிறது. நீ பேச, நான் குறுக்கே பேசாமல் கேட்டது நம் ஆயுசில் இதுதான் முதல் தடவை. இவ்வளவு விஷயம் வைத்திருந்தாயா?

அப்புறம் அந்தத் தொப்பி. சிக்னலில் நின்றபோது உன் கதவைத் தட்டி, விரலை நீட்டிக் கத்தினான். நான் எழுந்து, "டேய் தொப்பி! அவ வண்டியும் ஓட்டி ஊரையும் காட்டுறா. காது வலிச்சா பஞ்சு வச்சுக்க. இன்னொரு வாட்டி நீட்டுனே, வீட்டுக்குப் போய் விரல எண்ணிப் பாக்க வேண்டியிருக்கும்!" என்றேன். அவனோடுதான் பேசினேன். உன்னோடு இல்லை.

நீ சிரித்தாய். மைக்கை அணைக்காமல் சிரித்தாய். வண்டி முழுக்க உன் சிரிப்பு. ஒன்றுமே புரியாதவர்கள்கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரட்டும் என்று அடுத்த நிறுத்தம் வரை காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்குப் பந்தியில் நீ சிரித்தது அவர் பேச்சுக்கு. இது என் பேச்சுக்கு. இரண்டும் ஒன்றாகாது.

பேரிங் போகத்தான் போகிறது. உன் மெக்கானிக்குக் காது சரியில்லை. உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் தூறலில் குடையில்லாமல் நின்றார். நிற்கட்டும். கடைசிச் சுற்றில் நான் கையைத் தூக்கியது முடியை ஒதுக்க. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

திரும்பும்போது உன் ஊரில் இரண்டு மணி நேரம்தான் நிற்பதாக இருந்தது. அதில் பாலத்தைக்கூடத் தாண்ட முடியாது. பகல் முழுக்க இருக்கிற மாதிரி மாற்றச் சொன்னேன். "இது சீப்பு இல்லம்மா" என்றாள் மகள். "போடுடி" என்றேன். மைக்கில் பேசக் கூடாது என்றுவிட்டார்களே, அதனால் அன்றைக்கு லீவு வாங்கு. படி ஏறுவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் கீழே இறங்கி வந்து கூப்பிடட்டும், பார்க்கலாம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். எடுப்பேன். முதலில் நீதான் பேச வேண்டும். அதற்குப் பிறகு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தேடாதே. அது எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

அக்கா